ரவூப் சார் செய்யாத தவறு

கூடுவாஞ்சேரி ஸ்டேஷனில் காலை வண்டிக்காக நின்றுகொண்டிருந்தேன். நம் அலுவலகத்தில் முன்பு பியூனாக இருந்த தணிகாசலம் எதிர் நடைமேடையிலிருந்து இறங்கித் தண்டவாளத்தைத் தாண்டி என்னை நோக்கி வந்தார். அப்படித் தாண்டாதீர் என்று அவருக்கு எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். அன்றும் திட்டத்தான் வாயைத் திறந்தேன். "மேடம், ரவூப் சார் பூட்டாரு" என்றார். எந்த ரவூப் என்று கேட்டேன். எனக்குத் தெரிந்த ரவூப் ஒருவர்தான், இருந்தாலும் கேட்டேன். "நம்ம ரவூப் சாருதான். நேத்து சாயங்காலம் சைக்கிள் கடையில குந்திகினு இருந்தவரு அப்படியே சாஞ்சிட்டாராம். ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போறதுக்குள்ள முடிஞ்சிடுச்சு. காலையில அடக்கம்."

செங்கற்பட்டில் இறங்கி நேராக அவர் வீட்டுக்குப் போனேன். ஆண்கள் கபர்ஸ்தானிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தார்கள். கடைசியாக முகம் பார்க்கக்கூட எனக்குக் கொடுத்து வைக்கவில்லை. அந்த வீட்டில் நடந்ததைப் பிறகு சொல்கிறேன்.

நம் சங்க இதழுக்கு நாலு வரி எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். நாலு வரியில் அடங்காது என்று அப்போதே சொல்லிவிட்டேன். உங்களில் பழைய ஆட்களுக்கு அவரை நன்றாகத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்கு அவர் பெயர் மட்டும் தெரியும், அதுவும் ஒரே விஷயத்துக்காக: "மீனவர் கணக்கைக் கோட்டை விட்ட ரவூப்." பயிற்சி வகுப்பில்கூட இதை உதாரணமாகச் சொல்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அந்தத் தவறு ரவூப் சார் செய்ததல்ல. செய்தது யார் என்று எனக்குத் தெரியும். முதலிலிருந்து சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

நெருக்கடி நிலைக்கு முந்தைய வருஷங்கள் அவை. எந்தத் தொழிலில் உழைப்பவர்களுக்கு அதிகம் காயம் படுகிறது என்று ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கணக்கெடுப்பு வந்தது. கல் குவாரி, அரிசி ஆலை, செங்கல் சூளை, உப்பளம், மாமல்லபுரத்துச் சிற்பக் கூடங்கள், கடல் மீன்பிடிப்பு என்று ஆறு தொழில்கள். ரவூப் சார் ஊர் ஊராகப் போய்ப் படிவங்களை நிரப்பிக்கொண்டு வருவார். நான் செங்கற்பட்டில் உட்கார்ந்து, அவற்றைப் பிரித்து, கூட்டி, வகுத்துப் பட்டியல் போடுவேன். இரண்டு பேருமே தற்காலிக ஊழியர்கள், ஏறக்குறைய ஒரே வயது. அவர் என்னை "மேடம்" என்பார், நான் அவரை "சார்" என்பேன். சண்டை மட்டும் மரியாதை பார்க்காமல் நடக்கும்.

கணக்கெடுப்பின் முடிவில் ஒரு பரிசும் இருந்தது. ஒரே ஒரு மருத்துவ வேன். உள்ளே ஒரு கம்பவுண்டர், கட்டுப் போடும் சாமான், ஊசி மருந்து. எந்தத் தொழிலில் காயத்தின் விகிதம் அதிகமோ, அந்தத் தொழில் நடக்கும் ஊர்களுக்கு அந்த வேன் வாரத்தில் சில நாள் போகும். மற்ற ஐந்து தொழிலுக்கும் அடுத்த வேன் வரும்வரை ஒன்றும் கிடையாது. அதனால் நான் போடும் பட்டியலில் யார் மேலே, யார் கீழே என்பது வெறும் காகித விஷயம் இல்லை. அது எங்கள் இருவருக்கும் நன்றாகத் தெரியும்.

ஆரம்பத்தில் அவர் என்னிடம் ஒரு சந்தேகம் கேட்டார். "குவாரியில ஆளு நெறைய, அதனால காயமும் நெறைய. சிற்பக் கூடத்துல ஆளே கொஞ்சம். ரெண்டையும் எப்படி மேடம் ஒண்ணா வெச்சிப் பாக்கறது?" நூறு பேர் இருந்தால் அதில் எத்தனை பேருக்குப் பட்டது என்று பார்க்க வேண்டும், அதுதான் விகிதம் என்று விளக்கினேன். கொஞ்சம் பெருமையாகவே விளக்கினேன் என்று வையுங்கள். அவர் தலையாட்டிவிட்டு, "அப்போ தொழிலாளின்னா யாருன்னும் தெரியணும், பட்டவன் யாருன்னும் தெரியணும். ரெண்டுல எது தப்பிப்போனாலும் கணக்கு பேஜாராயிடும்" என்றார். நான் அரைமணி நேரம் பேசியதை அவர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்.

ஊர் சுற்றிவிட்டு வந்தால் அவரிடம் எப்போதும் ஒரு கதை இருக்கும். ஓர் அரிசி ஆலையில் முதலாளி, "நம்ம ஆலையில காயம்பட்ட தொழிலாளி ஒருத்தன்கூட கெடயாது" என்று அடித்துச் சொன்னாராம். பெல்ட்டில் கை மாட்டிய ஆளைப் பற்றி ஊரே பேசுகிறதே என்று இவர் கேட்டிருக்கிறார். "அவனா? அவன்தான் மறுநாளே நின்னுட்டானே. இப்ப அவன் நம்ம தொழிலாளி இல்லையே" என்று பதில் வந்ததாம். மாமல்லபுரத்தில் ஒரு சிற்பியின் கண் சிவந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. சில்லுத் தெறித்திருக்கிறது. காயமா என்று கேட்டால் அவர் பதறிப்போய்ச் செய்துகொண்டிருந்த சிலையைத் தடவிப் பார்த்தாராம். "கல்லுக்குக் காயம் பட்டாத்தான் சார் காயம். மூக்கு ஒடஞ்சா மூணு மாசம் வீணு. எங்களுக்குப் பட்டா இன்னா, தானா ஆறிடும்" என்றாராம். அவர் குரலிலேயே ரவூப் சார் சொல்லிக் காட்ட, நாங்கள் சிரித்தோம். சிரித்து முடித்ததும் அவர் மெதுவாக, "கேள்வி நாம கேக்கறோம், பதில் அவங்க சொல்றாங்க. நடுவுல இன்னாமோ வுழுந்துடுது மேடம்" என்றார்.

அச்சடித்த கேள்வியை எழுத்துப் பிசகாமல் கேட்க வேண்டும், சொந்தமாக விளக்கம் சொல்லக் கூடாது என்பது விதி. ரவூப் சார் விதியை மீறுகிறவர் இல்லை. ஆனால் அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. சொன்ன பதிலைப் பேனாவால் கட்டத்தில் எழுதுவார். கண்ணால் பார்த்ததைப் பென்சிலால் ஓரத்தில் எழுதுவார். ஆலைப் படிவத்தின் ஓரத்தில் பெல்ட்டில் கை போனவரின் பெயர் இருந்தது. சிற்பியின் படிவத்தின் ஓரத்தில் "இடது கண்" என்று இருந்தது. படிவம் அழுக்காகிறது என்று நான் கத்துவேன். அவர் மறுபடியும் எழுதுவார்.

கடைசியாகக் கடற்கரைக் குப்பங்களின் படிவங்கள் வந்தன. மாமல்லபுரத்திலிருந்து புதுப்பட்டினம் வரைக்கும் அவர் நடையாக நடந்து எடுத்தவை. தொழில் என்ற கட்டத்தில் "மீன்பிடிப்பு". கடந்த ஓராண்டில் வேலையின்போது காயம் ஏற்பட்டதா என்ற கட்டத்தில் "இல்லை". அடுத்த படிவமும் "இல்லை". கட்டுக் கட்டாக "இல்லை". ஓரத்தில் மட்டும் பென்சில் எழுத்து நிறைய: "வலது கையில் இரண்டு விரல் இல்லை." "முழங்காலில் புண், ஈ மொய்க்கிறது." "நெஞ்சில் கட்டுமரம் இடித்ததாம், மூச்சு விடச் சிரமப்படுகிறார்."

ரவூப் சார் என் மேசைக்கு வந்து நின்றார். "மேடம், ஓரத்துல எழுதினதைப் பாத்தீங்களா? நான் கேட்டதுக்கு அவங்க இல்லைன்னுதான் சொன்னாங்க. ஆனா இருக்குது. எனக்கு இன்னான்னு புரியல. அனுப்பறதுக்கு முன்னாடி இன்னொரு வாட்டி போய்ப் பாக்கலாம்."

இந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லித்தான் ஆக வேண்டும். முரண்பாடு உள்ள படிவத்தைத் திருப்பி அனுப்பி மறுபடி கேட்கச் சொல்ல வேண்டியது தொகுப்பாளரின் கடமை. விதிப் புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது, நான் மனப்பாடமாக வைத்திருந்த விதி அது. தொகுப்பாளர் நான்தான். ஆனால் அந்த வாரத்துக்குள் பட்டியலை முடித்துக் கொடுத்தால் என் பெயரை நிரந்தரப் பணிக்குப் பரிந்துரைப்பதாக அதிகாரி சொல்லியிருந்தார். வீட்டில் அப்பா படுத்த படுக்கையாக இருந்தார், தங்கைகள் இரண்டு பேர் படித்துக்கொண்டிருந்தார்கள். இதெல்லாம் காரணம்தான், சமாதானம் ஆகாது. நான் அவரைப் பார்த்து, "ஓரத்துக்கு என்கிட்ட கட்டம் இல்லை சார்" என்றேன். அதோடு நிற்கவில்லை. "சொன்னதை எழுதறதுக்குத்தான் உங்களுக்குச் சம்பளம், பார்த்ததை எழுதறதுக்கு இல்லை" என்றும் சொன்னேன். அவர் படிவக் கட்டை என் மேசைமேலேயே விட்டுவிட்டுப் போனார்.

பட்டியல் போட்டேன். கல் குவாரி எல்லாவற்றுக்கும் மேலே நின்றது. கடல் மீன்பிடிப்பு அடியில், சிற்பக் கூடத்துக்கும் உப்பளத்துக்கும் கீழே, ஆறு தொழிலிலும் ஆபத்தே இல்லாத தொழிலாக நின்றது. கூட்டலில் ஒரு பிழை கிடையாது. அதிகாரி பார்த்துவிட்டு, "முத்து முத்தாப் போட்டிருக்கீங்கம்மா" என்றார். அலுவலகத்தில் ஒருவர், "பேசாம நாமளும் கட்டுமரம் ஏறிடலாம்யா, பைலைத் தூக்கறதைவிடப் பத்திரமா இருக்கும்போல" என்றார். எல்லோரும் சிரித்தோம், நானும் சிரித்தேன். ரவூப் சார் சிரித்ததாக எனக்கு நினைவில்லை.

வேன் குவாரிப் பக்கம் போனது. எனக்கு நிரந்தர உத்தரவு வரப்போகிறது என்று பேச்சு அடிபட்டது. அப்போதுதான் கன்னியப்பன் வந்து சேர்ந்தார்.

கன்னியப்பன் மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்து ஆள், கட்டுமரக்காரர். ரவூப் சார் அந்தப் பக்கம் போனால் அவர் வீட்டில்தான் தண்ணீர் வாங்கிக் குடிப்பார். வலையை உதறும்போது திருக்கை மீனின் முள் கெண்டைக்காலில் ஏறிவிட்டது. பக்கத்தில் கட்டுப் போட ஆள் இல்லை. பச்சிலை வைத்துக் கட்டிக்கொண்டு நாலு நாள் வீட்டிலேயே கிடந்திருக்கிறார். கால் கறுத்து ஜுரம் வந்த பிறகு, தூக்கிக்கொண்டு பஸ் ஏறிச் செங்கற்பட்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். டாக்டர்கள் உயிரைக் காப்பாற்றினார்கள். முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று.

ரவூப் சார் வந்து என் மேசை முன்னால் நின்று, "வாங்க மேடம், ஒருத்தரைப் பாத்துட்டு வரலாம்" என்றார். சாப்பாட்டு நேரம். எதற்கு என்று கேட்டேன். "வாங்களேன்" என்றார்.

கன்னியப்பன் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். போர்வை ஒரு பக்கம் தட்டையாகக் கிடந்தது. அவர் மனைவி கீழே உட்கார்ந்து எலுமிச்சம்பழம் பிழிந்துகொண்டிருந்தார். ரவூப் சார் நலம் விசாரித்தார். பிறகு யாரும் எதிர்பார்க்காத ஒரு காரியம் செய்தார். பையிலிருந்து ஒரு வெற்றுப் படிவத்தை எடுத்து, என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, அச்சடித்த கேள்வியை எழுத்துப் பிசகாமல் கேட்டார்.

"கடந்த ஓராண்டில் வேலையின்போது உங்களுக்குக் காயம் ஏற்பட்டதா?"

கன்னியப்பன் கொஞ்சம் யோசித்தார். "இல்ல பாய்" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. "இன்னாய்யா இது, காலே போயிருக்கே" என்றேன்.

"அது தொழில்ல பட்டதும்மா" என்றார் கன்னியப்பன், எனக்குப் புரிய வைக்கிற மாதிரி பொறுமையாக. "பாயி வேலையில பட்டுச்சான்னு கேக்கறாரு. நான் வேலைக்கு எங்க போனேன்? ரோடு போடக்கூட நான் போனதில்ல. எங்கப்பன் காலத்துலேர்ந்து நாங்க தொழிலுக்குப் போறவங்க. வேலைக்கிப் போறதுன்னா இன்னொருத்தன்கிட்ட கைகட்டி நிக்கறது. அது எங்க வூட்ல யாருக்கும் பழக்கமில்ல."

அவர் மனைவி தலையை நிமிர்த்தாமலே, "வேலைக்குப் போயிருந்தா காலு இருந்திருக்கும்" என்றார். கன்னியப்பன் அவரைப் பார்த்தார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்தக் கரை முழுக்க ஒரே சொல்தான் கணக்கைத் தின்றிருந்தது. கடலுக்குப் போவதற்கு அவர்களிடம் உள்ள சொல் தொழில். படிவம் கேட்டதோ வேலை. கேட்டவரும் பிசகாகக் கேட்கவில்லை, சொன்னவர்களும் பொய் சொல்லவில்லை. பொய் ஆனது நான் போட்ட பட்டியல். விரல் இல்லாத கையையும் ஈ மொய்க்கும் காலையும் ரவூப் சார் பென்சிலில் எழுதி என் மேசைமேல் வைத்திருந்தார். நான் ஓர் அடி எடுத்து வைத்து ஒரு கேள்வி கேட்டிருந்தால், அந்தச் சொல் அன்றைக்கே அகப்பட்டிருக்கும். கன்னியப்பனின் கால் தப்பியிருக்குமா என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. வாரத்தில் ஒரு நாளாவது வேன் அந்தப் பக்கம் வந்திருந்தால் நாலு நாள் பச்சிலையோடு கிடந்திருக்க மாட்டார், அது மட்டும் தெரியும்.

மறுநாள் அவரே அதிகாரியிடம் போகலாம் என்றார். நானும் கூடப் போனேன்.

அதிகாரி கெட்டவர் இல்லை, பயந்தவர். பட்டியல் மேலிடத்துக்குப் போய் அச்சாகிவிட்டது என்றார். திருத்த வேண்டுமென்றால் தவறு எங்கே நடந்தது என்று எழுத வேண்டும். தொகுப்பில் நடந்த தவறு என்றால் பட்டியல் முழுவதையும் திரும்பப் பெற வேண்டும், ஆறு தொழிலுக்கும் விசாரணை, குவாரிக்குப் போன வேனையும் நிறுத்தி வைப்பார்கள். கணக்கெடுத்தவர் செய்த தவறு என்றால் அந்த ஒரு தொழிலை மட்டும் மறுபடி எடுத்தால் போதும். இதையெல்லாம் சொல்லிவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "சரி, இது யார் தவறு?" என்று கேட்டார்.

நான் பக்கத்தில்தான் நின்றேன். மேசைமேல் ஒரு பேப்பர் வெயிட் இருந்தது, உள்ளே பச்சையும் நீலமுமாகப் பூப் போட்டது. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. ஒருவர் வாய் திறந்து ஒரு பெயர் சொல்வதற்குத் தேவையானதைவிட அதிக நேரம்தான்.

"என்னுதுதான் சார்" என்றார் ரவூப். "கேள்வியை நான் ஒழுங்கா கேக்கல. எழுதிக் குடுத்துடறேன்."

வெளியே வந்ததும் அவரைப் பிடித்துக்கொண்டேன். வராந்தாவில் ஆட்கள் இருக்கிறார்கள் என்றுகூடப் பார்க்கவில்லை. ஏன் அப்படிச் சொன்னீர், உம்மை யார் அப்படிச் சொல்லச் சொன்னது என்று படபடவென்று பொரிந்தேன். அவர் கேட்டுக்கொண்டே நின்றார். நான் ஓய்ந்த பிறகு, கொஞ்சமும் கோபமில்லாமல், "நீங்க சொல்லியிருந்தா நான் சொல்லியிருக்க மாட்டேனே மேடம்" என்றார். அப்புறம் என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டோ என்னவோ, "உங்க பேர்ல போனா கல்லு ஒடைக்கறவனுக்கு வந்த வேனும் பூடும். இதுதான் சுலுவு" என்று சேர்த்தார். அந்த இரண்டாவது வாக்கியத்தைத்தான் நான் இத்தனை வருஷம் பிடித்துக்கொண்டிருந்தேன். முதல் வாக்கியத்தை நினைக்காமல் இருக்க அது வசதியாக இருந்தது.

அவர் மறுபடி கரைக்குப் போனார். இந்த முறை படிவத்தில் கேள்வியை அவரே எழுதிக்கொண்டார்: "தொழிலுக்குப் போன இடத்தில் உடம்பில் என்ன பட்டது?" ஒவ்வொரு வீட்டிலும் ஒரு மணி நேரம் ஆயிற்று என்றார். கேள்வி கேட்டதும் சட்டையைத் தூக்கிக் காட்டினார்களாம், வேட்டியை ஒதுக்கிக் காட்டினார்களாம். ஒரு பெண் உள்ளே போய்ப் புருஷனின் துண்டை எடுத்துவந்து, "இது மட்டுந்தான் பாய் கரைக்கு வந்துச்சு" என்று காட்டினாராம். அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று அவர் என்னிடம் கேட்டார். உயிர்ச்சேதத்துக்கு அந்தப் படிவத்தில் கட்டம் போட்டிருக்கவில்லை. காயம்பட்டவர்களை மட்டும் எண்ணியே, புதிய பட்டியலில் கடல் மீன்பிடிப்பு குவாரியையும் தாண்டி மேலே போய் நின்றது. ஒரு வருஷம் கழித்துக் கடற்கரைக்கென்று இரண்டாவது வேன் வந்தது.

ரவூப் சாரின் தற்காலிக நியமனத்தை அவர்கள் புதுப்பிக்கவில்லை. தவறு செய்ததாகத் தன் கையாலேயே எழுதிக் கொடுத்தவரை எப்படி வைத்துக்கொள்வது என்று கேட்டார்கள். எனக்கு நிரந்தர உத்தரவு அதே மாதம் வந்தது. அவர் மைத்துனரின் சைக்கிள் கடையில் உட்கார்ந்தார். பஜார் பக்கம் போனால் பார்ப்பேன். கை நிறைய கிரீஸோடு எழுந்து நின்று, "வாங்க மேடம், கூட்டல் கழித்தல் எல்லாம் சௌக்கியமா?" என்பார். ஒரு தடவை மனதைத் திடப்படுத்திக்கொண்டு அந்தப் பேச்சை எடுத்தேன். "வேன் வருதா இல்லையா?" என்று கேட்டார். வருகிறது என்றேன். "அப்புறம் இன்னா" என்று ஒரு வீலைத் தூக்கிச் சுற்றிவிட்டார். அவருக்கு அது பெரிதாக இல்லை என்று நம்பிவிட்டேன். நம்புவது எனக்கு லாபமாக இருந்தது, அதனால் நம்பினேன்.

இப்போது அந்த வீட்டுக்கு வருகிறேன். அவர் மனைவி நசீமா உள் அறையில் பெண்களுக்கு நடுவில் இருந்தார். என்னைப் பார்த்ததும் பக்கத்தில் இடம் விட்டார். அழுது அழுது குரல் கட்டிப்போயிருந்தது. "நீங்க கூட வேலை பாத்தவங்க. உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா இருந்துச்சு" என்றார். "அவங்க ஆபீஸ் தெரு வழியா நடக்கவே மாட்டாங்க. கடைக்குப் போறதுன்னாக்கூட ஏரிக்கரைப் பக்கமா சுத்திகினுதான் போவாங்க. ஏன்னு கேட்டா காத்து வாங்கறேன்னுவாங்க. சொந்தக்காரங்க எல்லாம், கேக்காமலே எழுதிட்டு வந்துட்டாரு, அதான் வேலைய வுட்டுத் தூக்கிட்டாங்கன்னு பேசறாங்க. நெஜமாவே அவங்க அப்படிச் செஞ்சாங்களா? எம்பொண்ணு கேக்கறா, அத்தா அப்படியான்னு. நான் இன்னா சொல்றது?"

வீலைச் சுற்றிவிட்ட மனிதர் ஐந்து வருஷம் ஏரிக்கரையைச் சுற்றிக்கொண்டு போயிருக்கிறார். நான் அவரிடம் சொன்னேன். "இல்லைம்மா. அவர் ஒழுங்காகத்தான் எழுதினார். நான்தான் படிக்கவில்லை. பழியை அவர் ஏத்துக்கிட்டார், நான் பேசாம நின்னேன்."

நசீமா என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். என் கையைப் பிடித்திருந்தவர் மெதுவாக அதை எடுத்துக்கொண்டார். "நேத்து சாயங்காலம் வரைக்கும் இருந்தாங்களே" என்றார். "இத அவங்க காதுல வுழற மாதிரி ஒரு தடவ சொல்லியிருக்கலாமே." யாரோ டீ கொண்டுவந்து கொடுத்தார்கள். நான் குடிக்காமல் எழுந்து வந்தேன்.

அவர் காதில் விழ இனி வழியில்லை. உங்கள் காதிலாவது விழட்டும். மீனவர் கணக்கைக் கோட்டை விட்டவள் குமுதாவாகிய நான். ரவூப் கேட்க வேண்டியதைக் கேட்டார், பார்க்க வேண்டியதைப் பார்த்தார், இரண்டையும் எழுதி என் மேசைமேல் வைத்தார். இதையே மனுவாக எழுதிக் கையெழுத்துப் போட்டு அலுவலகத்துக்கும் அனுப்பியிருக்கிறேன். அவர்கள் என்ன நடவடிக்கை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும். ஒரு படியை நசீமாவுக்கும் கொடுத்திருக்கிறேன், அவர் மகள் படித்துப் பார்க்கட்டும். பயிற்சி வகுப்பில் உதாரணம் சொல்கிறவர்கள் இனிமேல் பெயரை மாற்றிச் சொல்லுங்கள்.

இப்படி எழுதும்போது, மறைந்தவரிடமிருந்து நமக்கு மிஞ்சியது என்ன என்று கடைசியில் சொல்வது வழக்கம். ஒருவர் அவருடைய பேனாவை வைத்திருப்பார், ஒருவர் கடிதங்களை வைத்திருப்பார். ரவூப் சாரிடமிருந்து என்னிடம் இருப்பது என் உத்தியோகம். என் தங்கைகளின் படிப்பு முடிந்தது அதில்தான், அப்பாவின் கடைசி மருந்து வாங்கியது அதில்தான். இத்தனை வருஷமாக நான் தினமும் போய் வந்துகொண்டிருப்பது அவருடைய வேலைக்கு.